கோயில் அரிசியில் வண்டு: கிடங்கு மாத்திரை வைக்கலாமா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஆடித் திருவிழா உபயமாக வரும் அரிசி மூட்டைகளை, மடப்பள்ளிக்குப் பின்னால் உள்ள தகரக் கூரை அறையில் அடுக்குகிறோம். மூன்றே வாரத்தில் வண்டு ஏறிவிடுகிறது. சுவரோர மூட்டைகளில் அரிசி கட்டிப்பிடித்துப் பூஞ்சை வாடை அடிக்கிறது. கிடங்குகளில் வைக்கும் மாத்திரை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வைக்கலாமா?

பதில் 1:
வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போடுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம்.

பதில் 2 (தஞ்சோங் காராங், நெல் ஆலையில் ஸ்டோர் கிராணியாக இருந்தவன்):
தம்பி, அந்த மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள். காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயுவைக் கக்கும். ஆலையில் அடுக்கு முழுவதையும் தார்ப்பாயால் மூடி, ஓரமெல்லாம் மணல் பைகளால் அழுத்தி, பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலை அது. மடப்பள்ளிப் பக்கத்தில் வைத்தால் வண்டோடு சமையல்காரரும் போய்விடுவார்.

வண்டு பெரும்பாலும் மூட்டையோடுதான் வருகிறது. பெண் வண்டு அரிசி மணியைக் குடைந்து, உள்ளே ஒரு முட்டையிட்டு, துளையைப் பூசி அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாகி வெளியேறும். மூன்று வாரத்தில் தலைகாட்டினால், முட்டை கடையிலேயே இருந்திருக்கிறது.

கட்டிப்பிடிப்பது வேறு சங்கதி, அது ஈரம். பகலில் காயும் தகரம் இரவில் குளிர்ந்து அடியில் வியர்க்கும். சிமெண்டுத் தரையும் ஈரம் ஏற்றும். நெல்லையே 14 விழுக்காடு ஈரப்பதத்துக்கு இறக்கிய பிறகுதான் அடுக்குவோம். மூட்டைகளைப் பலகை மேல், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி வையுங்கள். பூஞ்சை பிடித்ததைக் கோழிக்கும் போடாதீர்கள். அதன் நஞ்சு வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பச்சை வேப்பிலை போடுகிறவர்கள் ஈரத்தைத் தாங்களே உள்ளே வைக்கிறார்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. உபயதாரர்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே மூட்டையை இறக்கிவிடுகிறார்களே?

பதில் 2:
மளிகைக் கடையில் பணம் கட்டச் சொல்லுங்கள். பெயர் பலகையில் ஏறினால் போதும், யாரும் வருத்தப்படமாட்டார்கள். திருவிழா வாரத்தில் எடுத்துக்கொள்ளலாம். மிஞ்சுவதைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, கழித்தல் 18 பாகை செல்சியஸ் உறைபெட்டியில் நான்கைந்து நாள் வைத்தால் முட்டையும் சாகும்.