வேலூர்ப் புரட்சி குறித்த கட்டுரை: தகவல்கள் எல்லாம் இருந்தும் படிக்க ஓடவில்லை, எப்படிச் சரிசெய்வது?

பாலாற்றுக்கரை (இளங்கலை வரலாறு, இரண்டாம் ஆண்டு)

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பருவத்தில் 1806ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியைப் பற்றி ஆறு பக்க அளவில் ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். நூலகத்தில் கிடைத்த நூல்களைப் படித்துக் குறிப்பெடுத்து, ஆண்டுகளையும் பெயர்களையும் ஒன்றுக்கு இருமுறை சரிபார்த்துத்தான் முதல் வரைவை எழுதினேன். பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "தகவலில் பிழை இல்லை, ஆனால் இரண்டாம் பக்கத்தைத் தாண்டிப் படிக்கத் தோன்றவில்லை" என்று குறித்துத் திருப்பித் தந்துவிட்டார். மாற்றி எழுத ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது.

என் தொடக்கப் பத்தி இது:

"இந்திய விடுதலைப் போராட்ட வரலாற்றில் வேலூர்ப் புரட்சி ஒரு மாபெரும் மைல்கல்லாகத் திகழ்கிறது. தொன்றுதொட்டு வீரத்தின் விளைநிலமாக விளங்கும் தமிழ் மண்ணில் 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் வெள்ளையருக்கு எதிராகக் கொதித்தெழுந்தனர். இப்புரட்சிக்கு அரசியல், சமூக, சமய, பொருளாதார, இராணுவக் காரணங்கள் பல இருந்தன. அவையாவன:"

இதன்பின் ஐந்து காரணங்கள், புரட்சியின் போக்கு, விளைவுகள் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். சுவை கூட்டலாம் என்று அடைமொழிகளையும் ஒரு கவிதை வரியையும் சேர்த்துப் பார்த்தேன், அது இன்னும் செயற்கையாகிவிட்டது. கதைபோல எழுதினால் ஆய்வுத்தன்மை கெட்டுவிடுமோ என்றும் அஞ்சுகிறேன். எங்கிருந்து திருத்தத் தொடங்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கரும்பலகை (ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர்)

உங்கள் நடையில் எனக்குப் பெரிய குறை எதுவும் தெரியவில்லை அம்மா. சிக்கல் "அவையாவன" என்ற இடத்தில் தொடங்குகிறது. அங்கே நீங்கள் ஒரு பட்டியலைத் திறந்துவிட்டீர்கள். பட்டியலில் முதல் வரிக்கும் ஐந்தாம் வரிக்கும் இடையே எந்தப் பிணக்கும் இருக்காது, ஆகவே அடுத்து என்ன வரும் என்று வாசகர் காத்திருக்கவும் வேண்டியதில்லை. ஐந்து காரணங்களையும் சம எடையில் அடுக்கி வைத்தால், அவற்றுள் எது இல்லாமல் போயிருந்தால் ஜூலை 10 நடந்திருக்காது என்ற கேள்வியே எழாமல் போகிறது. கட்டுரைக்கு உயிர் கொடுப்பது அந்தக் கேள்விதான்.

வேலூரைப் பொறுத்தவரை அப்படி ஒரு கேள்வி கையருகிலேயே இருக்கிறது. 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைக்குப் புதிய தலைப்பாகை ஆணையிடப்பட்டது. தோலால் செய்த பட்டை ஒன்று அதில் இருந்தது. பார்வைக்கு அது ஐரோப்பியரின் தொப்பியை நினைவூட்டியது. அணிவகுப்பின்போது நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்ற விதிகளும் அதையொட்டி வந்தன. இந்துச் சிப்பாய்க்கும் முஸ்லிம் சிப்பாய்க்கும் ஒருசேர மனம் புண்படும்படி அமைந்த விதிகள் இவை. இது ஒரு பக்கம். மறுபக்கம், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டபின் அவருடைய குடும்பத்தார் இதே வேலூர்க் கோட்டைக்குள் இருந்த அரண்மனையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். புரட்சிக்கு முந்தைய நாள், 1806 ஜூலை 9 அன்று, திப்புவின் மகள் ஒருவரின் திருமணம் அங்கே நடந்தது. அப்படியானால் சிப்பாய்களை எழச் செய்தது தலைப்பாகையா, அரண்மனையா?

இந்தக் கேள்விக்கு அன்றைக்கே கடுமையான விளைவு இருந்தது என்பதைக் கவனியுங்கள். தலைப்பாகைதான் காரணம் என்றால் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் பதில் சொல்ல வேண்டும். திப்புவின் மக்கள் செய்த சதிதான் காரணம் என்றால் பழி அரண்மனைச் சுவர்களுக்குள் போய்விடும். பிறகு நடந்ததைப் பாருங்கள்: திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, ஆளுநரும் தளபதியும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கம்பெனி இரண்டு விடைகளுக்கும் ஏற்ப நடவடிக்கை எடுத்திருக்கிறது! இதை முதல் பக்கத்திலேயே வைத்தால் படிப்பவர் தானாக இரண்டாம் பக்கம் புரட்டுவார்.

உங்கள் ஐந்து காரணங்களை நீக்கச் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்கு எது எவ்வளவு விடை தருகிறது என்ற அளவில் அவற்றை மீண்டும் வரிசைப்படுத்துங்கள். சிலவற்றுக்கு முழுப் பக்கம் வேண்டியிருக்கும், சிலவற்றுக்கு ஒரு வாக்கியம் போதும்.

---

ஏட்டுக்கட்டு (முனைவர் பட்ட ஆய்வாளர்)

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க விரும்புகிறேன். கதைபோல எழுதுவதால் ஆய்வுத்தன்மை கெடாது. தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதும்போதுதான் கெடும். "சிப்பாய்களின் உள்ளம் எரிமலையாய்க் குமுறியது" என்று எழுதினால், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். "1806 மே மாதத்தில் வேலூரில் இருந்த 4ஆம் படைப்பிரிவின் இரண்டாம் பட்டாளத்தைச் சேர்ந்தவர்கள் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தார்கள், அவர்களுள் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது" என்று எழுதிப் பாருங்கள். குமுறல் என்ற சொல்லே இல்லாமல் படிப்பவர் அதை உணர்வார். 900 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அடைமொழியையும் வைக்காதீர்கள்.

அடுத்தது, யார் சொன்னது என்பதைக் கட்டுரையின் உள்ளேயே கொண்டுவாருங்கள். கோட்டைத் தளபதி கர்னல் பான்கோர்ட் அன்று கொல்லப்பட்டார். அவருடைய மனைவி அந்த இரவைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வைத்தார்: துப்பாக்கிச் சத்தம் கேட்டு விழித்தது, கணவர் வெளியே சென்றது, இரு குழந்தைகளோடு ஒளிந்திருந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. அது மதிப்புமிக்க சான்று. ஆனால் இருட்டில், ஒளிந்திருந்த இடத்திலிருந்து ஒருவர் அறிந்த அளவே அதில் இருக்கும் என்பதையும் நீங்கள் சொல்ல வேண்டும். சிப்பாய்களின் தரப்பிலிருந்து அப்படி ஒரு நாட்குறிப்பு நமக்குக் கிடைப்பதில்லை. அவர்களின் குரல் பெரும்பாலும் விசாரணையில் அதிகாரிகள் கேட்டு எழுதிய வாக்குமூலங்கள் வழியாகவே வருகிறது. தூக்குக்கயிறு எதிரே இருக்கும்போது ஒருவர் என்ன சொல்வார், எதை மறைப்பார் என்று இரண்டு வாக்கியம் எழுதினால், உங்கள் கட்டுரை வகுப்பில் உள்ள மற்ற கட்டுரைகளிலிருந்து தனித்துத் தெரியும்.

மூன்றாவதாக, எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போகாதீர்கள். ஓரிடத்தில் நின்று பாருங்கள். முஸ்தபா பேக் என்ற சிப்பாயை நான் தேர்ந்தெடுப்பேன். ஜூன் மாதத்திலேயே அவர் கர்னல் ஃபோர்ப்ஸ் என்ற அதிகாரியிடம் சென்று சதி நடப்பதாக எச்சரித்தார். அதை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அவரைப் பித்தன் என்று சொல்லிவிட, அவர் காவலில் வைக்கப்பட்டார். புரட்சி அடங்கியபின் அதே மனிதருக்குக் கம்பெனி வெகுமதி அளித்தது. அதிகாரிகளுக்குத் தங்கள் சொந்தப் படையைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது, செய்தி யார் கை வழியாகப் போயிற்று, சதியில் எந்த மட்டம் வரை ஆட்கள் இருந்தார்கள் என்ற மூன்றும் இந்த ஒரு நிகழ்ச்சியில் தெரிகின்றன. இதற்கு அரைப் பக்கம் கொடுக்கலாம். கோட்டையின் அமைப்பு, அகழியின் அகலம் போன்றவற்றை இரண்டு வரியில் முடித்துவிடலாம்.

---

வினாவங்கி (போட்டித் தேர்வுப் பயிற்றுநர்)

ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்கிறேன். தேர்வுத்தாளில் பத்து மதிப்பெண் வினாவுக்கு இப்படி எழுதினால் நேரம் போதாது. திருத்துபவர் துணைத்தலைப்புகளையும் ஆண்டுகளையும் தேடிப் பார்த்துத்தான் மதிப்பெண் இடுகிறார். மாணவர்களுக்கு ஆர்வமூட்டும் நடையைக் கற்பிக்கப் போய், காரணங்களில் இரண்டை அவர்கள் விட்டுவிட்டால் இழப்பு அவர்களுக்குத்தான்.

---

கரும்பலகை

தேர்வு விடைக்கு நீங்கள் சொல்வது முற்றிலும் சரி, அங்கே நானும் துணைத்தலைப்பு இடத்தான் சொல்வேன். இவர் எழுதுவது ஒரு வாரம் அவகாசமுள்ள ஆறு பக்கக் கட்டுரை, அதைப் படிப்பவர் ஏற்கெனவே இந்தத் தகவல்களை எல்லாம் அறிந்த பேராசிரியர். அவருக்கு வேண்டியது, இந்த மாணவி இவற்றை வைத்து என்ன நினைக்கிறார் என்பது. தேர்வுக்குப் பழகிய கையாலேயே கட்டுரையையும் எழுதுவதால்தான் நம் பிள்ளைகளின் கட்டுரைகள் ஒன்றுபோல் இருக்கின்றன என்பது என் நெடுநாள் வருத்தம்.

---

பாலாற்றுக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. தொடக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"1806 மே மாதத்தில் வேலூர்க் கோட்டையில் இருந்த சிப்பாய்கள் சிலர் புதிதாக வந்த தலைப்பாகையை அணிய மறுத்தனர். அதில் தோல் பட்டை ஒன்று இருந்தது. மறுத்தவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து, ஜூலை 10 அன்று விடியும் முன், அதே கோட்டையில் வேறு பட்டாளங்களைச் சேர்ந்த சிப்பாய்கள் ஐரோப்பிய வீரர்கள் உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்பின்மீது சுட்டனர். கோட்டைமீது திப்பு சுல்தான் குடும்பத்தின் கொடி ஏறியது. தலைப்பாகையை மறுத்துத் தொடங்கிய எதிர்ப்பு ஓர் அரச குடும்பத்தின் கொடிக்குக் கீழே எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை வீரம் செறிந்த நம் முன்னோரின் தியாக வரலாறாக ஆராய்கிறது."

இன்னொரு ஐயமும் இருக்கிறது. மாண்ட சிப்பாய்களின் எண்ணிக்கை ஒரு நூலில் ஏறத்தாழ 350 என்றும், இன்னொன்றில் 800க்கு மேல் என்றும் இருக்கிறது. முதல் வரைவில் ஒன்றைத் தேர்ந்து எழுதிவிட்டேன். எது சரி?

---

ஏட்டுக்கட்டு

பத்தி நன்றாக வந்திருக்கிறது. கடைசி வாக்கியத்தில் "வீரம் செறிந்த நம் முன்னோரின் தியாக வரலாறாக" என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆராய்வதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறது அது. மேலும், எச்சரிக்கை கொடுத்த முஸ்தபா பேக்கும் ஒரு சிப்பாய்தானே, அவரை இந்தச் சட்டகத்தில் எங்கே வைப்பீர்கள்? "எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி" என்று நிறுத்தினால் போதும். "கொடி ஏறியது" என்பதையும் "சிப்பாய்கள் ஏற்றினர்" என்று எழுதுங்கள். யார் செய்தது என்பதுதான் உங்கள் கேள்வியின் மையம் என்பதால், செய்தவர் பெயர் மறையும் வாக்கியங்கள் இந்தக் கட்டுரைக்கு ஆகாது. அரண்மனை ஆட்கள் தூண்டினார்கள் என்று ஒரு நூல் சொன்னால், எந்தச் சாட்சியை வைத்துச் சொல்கிறது என்று பார்த்து அதையும் உடன் எழுதுங்கள்.

எண்ணிக்கை பற்றி: ஒன்றைத் தேர்ந்துகொண்டு மற்றதை மறைக்க வேண்டாம், முரண்பாட்டையே எழுதுங்கள். முதலில் ஒவ்வொரு நூலும் யாரையெல்லாம் கணக்கில் சேர்க்கிறது என்று பாருங்கள். ஆற்காட்டிலிருந்து கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபோது உள்ளே மாண்டவர்கள் ஒரு வகை. அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்து, வெளியே இழுத்துவரப்பட்டுச் சுவர் ஓரத்தில் நிறுத்திச் சுடப்பட்ட நூறு பேர் அளவிலானவர்கள் இன்னொரு வகை. தப்பியோடும் வழியில் கொல்லப்பட்டவர்கள் மூன்றாவது வகை. முறையான விசாரணைக்குப் பின் தண்டனை பெற்றவர்கள் மிகக் குறைவு: பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டவர்கள் 6 பேர், சுடப்பட்டவர்கள் 5 பேர், தூக்கிலிடப்பட்டவர்கள் 8 பேர், நாடு கடத்தப்பட்டவர்கள் 5 பேர். கம்பெனி ஒவ்வொருவராக எண்ணி எழுதி வைத்தது இந்த 24 பேரைத்தான். விசாரணை இல்லாமல் ஒரே காலையில் கொல்லப்பட்டவர்களுக்கு நூலுக்கு நூல் எண் மாறுகிறது. உங்கள் ஐயத்தை இந்த வடிவில் எழுதினால், விளைவுகள் பகுதியின் மிக முக்கியமான பத்தி அதுவாகவே இருக்கும்.

---

கரும்பலகை

முடிவுரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1857க்கு முன்னோடி என்ற வரியோடு முடிக்கத்தான் கை தானாகப் போகும். வேலூருக்கும் 1857க்கும் இடையில் 51 ஆண்டுகள் இருக்கின்றன. அந்தத் தொடர்பை நிறுவ ஆறு பக்கத்தில் உங்களுக்கு இடம் கிடையாது. தலைப்பாகை ஆணை அந்த ஜூலை மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது என்பதையும், பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டார்கள் என்பதையும், திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்குப் போயிற்று என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த மூன்று முடிவுகளுள் உங்கள் சான்றுகள் எதை வலுவாக ஆதரிக்கின்றன என்று உங்கள் பெயரில், உங்கள் பொறுப்பில் சொல்லுங்கள். பேராசிரியர் அதை ஏற்காமலும் போகலாம். அப்போது விளிம்பில் அவர் எழுதும் மறுப்பு, இந்த முறை கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும்.

---

பாலாற்றுக்கரை

அப்படியே செய்கிறேன் ஐயா. பொருளாதாரக் காரணத்துக்கு நான் எழுதியிருந்த ஒன்றரைப் பக்கத்தை இரண்டு வாக்கியமாகக் குறைத்து, அந்த இடத்தை முஸ்தபா பேக்குக்கும் மாண்டவர் கணக்குக்கும் ஒதுக்கிவிட்டேன். சனிக்கிழமை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போக முடியுமா என்று துறையில் அனுமதிக் கடிதம் கேட்டிருக்கிறேன்.