ரிசர்வ் சைட் பூங்காவில் நாங்களே தோட்டம் போடலாமா?

சரவணம்பட்டி வாசி:
வணக்கமுங்க. எங்கள் லேஅவுட்டில் பொது உபயோகத்துக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட்டில் கோவை மாநகராட்சி பூங்கா அமைத்து, நடைபாதையும் ஊஞ்சலும் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஆனால் ஓரத்துப் பாத்திகள் முழுக்கப் பார்த்தீனியக் களை. அதை எடுத்துவிட்டுப் பூச்செடி, மரம் வைக்க வீதிக்காரர்கள் சேர்ந்திருக்கிறோம். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதால் ஆடியிலேயே நட்டுவிடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். யாரிடம் அனுமதி கேட்பது, என்ன வைப்பது? ஊஞ்சலாடும் பிள்ளைகளுக்கு நிழல் வேண்டும், அதுதான் என் ஆசை.

சூலூர்க்காரர்:
இடம் மாநகராட்சியுடையது. மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சிலரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலி, குழாய் மாதிரி செலவு வந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தில் கேட்கலாம். மதிப்பீட்டில் ஒரு பகுதியை மக்கள் கட்ட வேண்டும்.

பெருந்துறை அக்கா:
தம்பி, ஆடியில் நட வேண்டாம். அந்தப் பழமொழி மானாவாரிக் காட்டில் பயிர் விதைக்கிறவர்களுக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆனி, ஆடியில் நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். மழை மேற்கே மலையிலேயே கொட்டிவிடும், நமக்குத் தூறல்தான். புதுக் கன்று வேர் பிடிப்பதற்குள் காய்ந்து சாயும். கோவையின் வருட மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. ஆடியில் பார்த்தீனியத்தைப் பூ விடுவதற்குள் வேரோடு பிடுங்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு. சிலருக்குத் தோலெல்லாம் அரிக்கும். புரட்டாசியில் குழி எடுத்துத் தொழுவுரம் போட்டு ஆறவிட்டு, ஐப்பசி முதல் மழைக்கு நடுங்கள்.

எங்கள் வீதிப் பூங்காவைப் பார்த்துச் சொல்கிறேன். நடுகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருவார்கள். மாசியில் ஒரு புதன்கிழமை குடம் தூக்க யார் வருவார் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். அதனால் பாத்திக்கு ஒரு வீடு என்று நடுவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். வீட்டு எண்ணைக் கல்லில் எழுதி நட்டு வையுங்கள். ஊருக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். எங்கள் மரங்கள் பிழைத்தது இதனால்தான்.

நிழலுக்குப் புங்கன் வையுங்கள், நம் வெயிலுக்கு நன்றாகத் தாங்கும். கரண்டுக் கம்பிக்கு அடியில் மட்டும் மரம் வேண்டாம். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்துவதை முதலில் நிறுத்துங்கள், வயிறு எரிகிறது. செடியைச் சுற்றி மண்ணை மூடிப் பரப்பினால் அதுவேதான் மூடாக்கு. போதாவிட்டால் பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்க்கழிவு கிடைக்கும், அதை அலசி உப்பை எடுத்த பிறகு போடுங்கள்.

அப்புறம், விடிகாலையில் சாமிக்குப் பூப் பறிக்க ஆள் வரும். சண்டை வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் நிறைய வைத்து, 'இங்கே பறிக்கலாம்' என்று எழுதிவிடுங்கள். உள்ளே இருப்பது தப்பிக்கும்.

சரவணம்பட்டி வாசி:
ரொம்ப நன்றிங்க அக்கா. போர் தண்ணீர் உப்பு, குழாயில் வரும் குடிதண்ணீரைச் செடிக்கு விட மனசு வரவில்லை. அரளியும் செங்காந்தளும் வறட்சி தாங்கும் என்று ஒருவர் சொன்னார், வைக்கலாமா?

பெருந்துறை அக்கா:
குடிக்கிற தண்ணீரைத் தொடாதீர்கள். அரிசி, காய்கறி கழுவும் தண்ணீரை வீட்டுக்கு ஒரு குடம் சேர்த்தாலே ஒரு பாத்திக்கு ஆகும். வேப்பங்கன்று ஓரளவு உப்பையும் பொறுக்கும்.

அரளி வேண்டவே வேண்டாம், இலை, பூ எல்லாம் விஷம். செங்காந்தள் நம் மாநில மலர்தான். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டு வளர்க்கிறார்கள், விதைக்கு நல்ல விலை. ஆனால் கிழங்கிலிருந்து விதை வரை உயிரை எடுக்கும் விஷம். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் எதையும் வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகள் இருக்கும் கண்ணு. வேலியோரம் ஆவாரை வையுங்கள், தண்ணீரே கேட்காது. ஒரு மூலையில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் இருந்தால் பட்டாம்பூச்சி வந்து முட்டையிடும். புழு இலையைத் தின்னும்போது மருந்து மட்டும் அடித்துவிடாதீர்கள்.