முத்தம்மா வழக்கில் ஜெயித்தாரா, தோற்றாரா?

தேர்வு_எழுதுகிறேன்:
வணக்கம். குடிமைப் பணித் தேர்வுக்காகக் குறிப்பு எடுக்கும்போது வெளியுறவுப் பணி அதிகாரி சி. பி. முத்தம்மாவிடம் வந்து மாட்டிக்கொண்டேன். பதவி உயர்வு மறுக்கப்பட்டதற்காக அவர் அரசு மீது வழக்குப் போட்டு வென்றார் என்கிறார்கள் எல்லாரும். ஆனால் 1979 தீர்ப்பைப் பார்த்தால் மனு தள்ளுபடி என்று முடிகிறது. எது சரி? அப்புறம், முதல் பெண் தூதர் இவரா, விஜயலட்சுமி பண்டிட்டா?

வைகறை:
இரண்டாவது கேள்வி எளிது. பண்டிட் 1947-இல் மாஸ்கோவுக்குத் தூதராகப் போனார், ஆனால் அது அரசு நேரடியாகச் செய்த நியமனம். முத்தம்மா தேர்வெழுதி 1949-இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர், அந்தப் பணிக்கு வந்த முதல் பெண். 1970-இல் ஹங்கேரிக்குப் போனபோது, பணிக்குள்ளிருந்தே வளர்ந்து தூதரான முதல் பெண்ணும் ஆனார். சேரும்போதே, கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். படித்து, தேறி, வாசல் வரை வந்த பெண்ணிடம் அப்படி ஒரு கையெழுத்து கேட்டிருக்கிறார்கள் என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

சட்டம்_படித்தவள்:
தள்ளுபடி என்பது உண்மைதான், ஆனால் ஏன் என்று பாருங்கள். தகுதி போதாது என்று சொல்லி அவருக்கு முதல் நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது, அவருக்கு இளையவர்கள் முன்னே போனார்கள், அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே அரசு அவரைத் தகுதியானவர் என்று கண்டு உயர்வு கொடுத்து, நெதர்லாந்துத் தூதராகவும் நியமித்துவிட்டது. கேட்டது கைக்கு வந்துவிட்டதால் மனுவை முடித்துவைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அதோடு விடவில்லை. பெண் அதிகாரி திருமணத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்ய வேண்டும் என்றது வெளியுறவுப் பணி விதிகளில் 8(2). திருமணமான பெண் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்றது 18(4). குடும்பம் ஆணுக்கும் உண்டே, அவரை ஏன் கேட்கவில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம். இரண்டாவது விதி அதற்குள் நீக்கப்பட்டிருந்தது, முதலாவதும் போகப்போகிறது என்று அரசுத் தரப்பு சொன்னது. இடையில் போன சில மாதப் பணிமூப்பையும் மறுபரிசீலனை செய்யச் சொன்னார்கள். ஆக, மனு தள்ளுபடி, விஷயத்தில் வெற்றி. விடைத்தாளில் இரண்டையும் எழுதுங்கள், பாதியை மட்டும் எழுதினால் தப்பாகிவிடும்.

குடகுமலை:
வழக்கோடு நிறுத்திவிடாதீர்கள். முத்தம்மா குடகின் விராஜ்பேட்டையில் பிறந்தவர், ஒன்பது வயதில் அப்பாவை இழந்தவர், சென்னையில் படித்தவர். முதல் பணியிடம் பாரிஸ், பின்னாளில் கானாவில் தூதர். ஆயுதக் குறைப்புக்காக ஸ்வீடன் தலைவர் ஓலோஃப் பால்மே தலைமையில் அமைந்த ஆணையத்தில் இந்தியாவின் சார்பில் இருந்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1982-இல் ஓய்வு, 2009-இல் மறைவு.

தேர்வு_எழுதுகிறேன்:
எல்லாருக்கும் நன்றி. "வென்றார்" என்பதை அடித்துவிட்டு, நடந்ததை நாலு வரியாக எழுதிக்கொண்டேன். சேர்ந்தது 1949, தீர்ப்பு 1979. அந்தக் கையெழுத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் நடுவில் முப்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார், அதையும் சேர்த்துக்கொண்டேன்.