அப்பாச்சி மொழிகள்: கிழக்கு, மேற்கு என்ற பிரிவு இன்றும் நிற்குமா?

வேர்தேடி:
அமெரிக்கத் தென்மேற்கின் பழங்குடி மொழிகளான நவஹோவையும் அப்பாச்சி மொழிகளையும் மொழியியலாளர் ஹாரி ஹோய்ஜர் 1938-ல் கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரித்தார். அந்தப் பிரிவு நிற்கும் என்பதே என் கட்சி. நீருக்கு நவஹோவில் ‘தோ’. மேற்கு அப்பாச்சி, சிரிகாவா, மெஸ்கலேரோ மூன்றிலும் ‘தூ’. இவை மேற்கு. கிழக்கு மொழிகளான ஹிகரியாவிலும் லிப்பனிலும் ‘கோ’. நெருப்புக்கோ எல்லா மொழிகளிலும் ககரத்தில் தொடங்கும் சொல்தான். பழைய தகரம் கிழக்கில் ககரத்தோடு கலந்துவிட்டது. மேற்கில் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. மூன்று என்ற எண்ணும் இதே வழியில் போகிறது: நவஹோவில் ‘தா’, ஹிகரியாவில் ‘கா’ என்று தொடங்கும்.

மேட்டுநிலம்:
ஒரே ஒரு மெய் மாற்றத்தில் குடும்பத்தையே இரண்டாக வெட்டுவது சரியில்லை. பேச்சு அல்லது மொழிக்கான சொல்லைப் பாருங்கள். நவஹோவில் ‘பிஸாத்’, ஹிகரியாவில் ‘மிஸா’. மேற்கு அப்பாச்சியில் ‘பியாதி’. இங்கே நவஹோவும் ஹிகரியாவும் ஒரு பக்கம், மேற்கு அப்பாச்சி மறுபக்கம். உங்கள் கோடு குறுக்கே உடைகிறது.

வேர்தேடி:
உடையவில்லை. ‘பி’, ‘மி’ இரண்டும் ‘அவருடைய’ என்னும் முன்னொட்டுகள். அவற்றைக் கழித்துவிட்டு அடிச்சொல்லை மட்டும் ஒப்பிட வேண்டும். மேலும் நவஹோவில் ‘பேசுகிறார்’ என்பதற்கு ‘யாஹ்ல்தி’ என்ற வினை உண்டு. மேற்கு அப்பாச்சிச் சொல்லின் வேர் அங்கேயும் உயிரோடிருக்கிறது. எந்த வேரைப் பெயராக ஆள்கிறார்கள் என்பது பழக்கம். அதை வைத்துக் கிளை பிரிக்கக்கூடாது.

நாணல்:
இருவரும் சமவெளி அப்பாச்சியை விட்டுவிட்டீர்களே! ஒக்லஹோமாவில் பேசப்பட்ட அந்த மொழியில் நீர் ‘கோ’. 1938 கணக்கில் அது கிழக்கு. ஆனால் ‘பெரிய’ என்ற அடிச்சொல் மற்ற மொழிகளில் ‘த்ஸா’ என்றிருக்க, அங்கே மட்டும் ‘ச்சா’. மற்ற எல்லாவற்றிலும் நடந்த ஒலிக்கலப்பு அங்கே நடக்கவில்லை. அதனால்தான் 1971-ல் ஹோய்ஜரே அதைத் தனிக்கிளையாக்கினார். சரளமாகப் பேசிய கடைசி மனிதர் 2008-ல் காலமானார். இனி எழுதி வைத்த குறிப்புகளே சான்று.

மேட்டுநிலம்:
நன்றி, இதைத்தான் சொல்ல வந்தேன். நவஹோவுக்குப் பக்கத்தில் நிற்பது மேற்கு அப்பாச்சி, அதிலும் அதன் தில்ஸேஎ வட்டார வழக்கு. ஆனால் ‘அப்பாச்சி’ என்ற பெயர் தூரத்துச் சமவெளி மொழிக்கு ஒட்டியிருக்கிறது, நவஹோவுக்கு இல்லை. இந்தப் பெயரை நம்பித்தான் பலர் ஒப்பீட்டுப் பட்டியலில் நவஹோவையே விட்டுவிடுகிறார்கள், பெரிய இழப்பு அது. மேற்கு அப்பாச்சிக்குள்ளேயே வேறுபாடு உண்டு: மனிதர், மக்கள் என்பதற்கு சான் கார்லோஸில் ‘ன்னே’, ஒயிட் மவுண்டனில் ‘ந்தே’. ஊர்ப்பெயர் குறிக்காத சொற்பட்டியல் எதற்கும் உதவாது.

நாணல்:
புதுப்பொருள்களின் பெயர்களையும் தனியே ஒதுக்குங்கள். கார் நவஹோவில் ‘சிதி’. மேற்கு அப்பாச்சியில் ஆங்கிலத்திலிருந்து வந்த ‘நல்பீல்’. பாகங்களுக்கு மட்டும் இரண்டிலும் உடலுறுப்புப் பெயர்கள்: முகப்பு விளக்கு கண். மானிடவியலாளர் கீத் பாஸோ 1967-ல் மேற்கு அப்பாச்சியில் பதிந்த பட்டியலில் பேட்டரி கல்லீரல், பெட்ரோல் டாங்க் வயிறு. இது வண்டி வந்த பிறகு வளர்ந்தது. பழைய உறவுக்குச் சாட்சி ஆகாது.

இன்னொன்று. தொனியையும் குரல்வளை அடைப்பையும் (தொண்டையில் மூச்சைச் சட்டென்று நிறுத்தும் ஒலி) விட்டு எழுதினால் பட்டியலே பொய்யாகும். நவஹோவில் ‘அஸே’யின் நெடிலை உயர்தொனியில் சொன்னால் வாய், தாழ்தொனியில் சொன்னால் மருந்து. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். நாம் இங்கே எழுதுவதெல்லாம் அடையாளத்துக்கு மட்டும்.

வேர்தேடி:
சமவெளி மொழியைத் தனியே வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஹிகரியா, லிப்பன் விஷயத்தில் இறங்கமாட்டேன். தகரம் ககரமாகாத ஹிகரியா அடிச்சொல் ஒன்றைக் காட்டுங்கள். முன்னொட்டு வேண்டாம், ஹோய்ஜர் பேசியது அடிச்சொல்லின் முதல் மெய்யைப் பற்றித்தான்.

மேட்டுநிலம்:
விதி பொய் என்று நான் சொல்லவேயில்லை. முதல் மெய்யை மட்டும் பார்த்துப் பிரிப்பது தன்னிச்சையானது என்று மொழியியலாளர் மைக்கேல் கிராஸ் 1973-லேயே சொன்னார். மற்ற ஒலிகளையும் சேர்த்தால் உறவுகள் சிக்கலாகின்றன. அதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.