மீவியற்பியலும் வகுப்பறையும்: ஓர் ஐயத்தைத் தீர்க்க உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்காக, இருப்பின் அடிப்படை இயல்பை ஆராயும் மெய்யியல் பிரிவான மீவியற்பியலின் அடிப்படைக் கருத்துகளுக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பாடக்குறிப்பு ஒன்றைத் தயாரித்து வருகிறேன். இருப்பு, பண்பு, காரண காரியம், காலம் ஆகியவற்றை விளக்குவதில் எனக்குச் சிக்கல் இல்லை. அரிஸ்டாட்டில் வகுத்த உள்ளாற்றல் (ஒன்றாக மாறக்கூடிய தன்மை), செயல்நிலை (அவ்வாறு மாறி நிறைவுற்ற நிலை) என்னும் இணையில்தான் ஐயம் எழுகிறது.

விதைக்குள் மரமாகும் ஆற்றல் இருப்பதைப் போலக் கற்பவருக்குள்ளும் அறியும் ஆற்றல் முன்னரே இருக்கிறது என்று கொண்டால், ஆசிரியரின் பணி அதை வெளிக்கொணர்வது மட்டும்தானா, அல்லது இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்குவதும் அதில் அடங்குமா? பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலில், வடிவியல் கற்றிராத அடிமைச் சிறுவன் ஒருவன், சதுரத்தின் பரப்பை இருமடங்காக்கும் வழியைச் சாக்ரட்டீசின் கேள்விகளின் துணையோடு கண்டடைவது முதல் விடைக்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால், அந்தக் கேள்விகளுக்குள்ளேயே பாதி விடை ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணி என்னும் நம் பழைய உவமையிலும் தோண்டுபவரின் உழைப்பை ஒதுக்கிவிட முடியாதல்லவா?

கணிதத்தில் இந்தக் கருத்து ஓரளவு பொருந்துகிறது. வரலாற்று நிகழ்வையோ ஒரு மொழியின் சொற்களையோ கேள்விகளால் மட்டும் மாணவரிடமிருந்து வரவழைக்க இயலாது. எனவே, இவ்வேறுபாட்டை எளிதாக உணர்த்தக்கூடிய, கணிதம் அல்லாத பாடங்களைச் சார்ந்த வகுப்பறை எடுத்துக்காட்டுகள் இருந்தால் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘உள்ளாற்றல்’ என்பதைவிடப் பொருத்தமான சொல்லைப் பயன்படுத்துவோர் அதையும் குறிப்பிட்டால் நன்றியுடையவனாவேன்.