புதுப்பிப்பு: எச்ஐவி உள்ள சித்தப்பாவின் மூச்சிரைப்புக்குக் காரணம் தெரிந்தது

காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தேன்: எச்ஐவி உள்ள சித்தப்பாவுக்கு விடாத வறட்டு இருமல், மூச்சிரைப்பு, சளியில் காசநோய் இல்லை, கல்ச்சரிலும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளரவில்லை. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நுரையீரலைக் கழுவி எடுக்கும் நீரை மரபணு வரிசைப் பரிசோதனைக்கு (கிருமிகளை அவற்றின் மரபணுவைக் கொண்டு அடையாளம் காணும் சோதனை) அனுப்பச் சொன்னவரின் யோசனைதான் பலித்தது. மதுரையில் மாதிரி எடுத்தார்கள். நியூமோசிஸ்டிஸ் ஜிரோவெசி என்ற பூஞ்சை! சாதாரணக் கல்ச்சரில் அது வளரவே வளராதாம். கோட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தும் ஸ்டீராய்டும் கொடுத்தபின் மூச்சு சீரானது. அப்புறம் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையும் தொடங்கியாயிற்று.

எதிர்பாராதது ஒன்று: அதே அறிக்கையில் சைட்டோமெகலோ வைரஸும் இருந்தது. பயந்துவிட்டோம். சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் குறைந்தவர்களின் நுரையீரலில் அது நோய் உண்டாக்காமலும் தென்படும் என்று டாக்டர் விளக்கினார். தனி மருந்து தரவில்லை. அந்த வைரஸ் கண்ணையும் தாக்கலாம் என்பதால் விழித்திரையைப் பார்த்துவிடச் சொன்னார், பார்த்தோம், பாதிப்பில்லை.