30 கிலோவோல்ட் டிசிக்கு எந்த கேபிள்? முனையை எப்படி முடிப்பது?

கேள்வி:
வெற்றிடக் கலனுக்கு மைனஸ் 30 கிலோவோல்ட், 10 மில்லி ஆம்பியர் போக வேண்டும். மல்டிபிளையர் (வோல்டேஜைப் பெருக்கித் தரும் சர்க்யூட்) டிரான்ஸ்பார்மர் ஆயிலில் இருக்கிறது, அங்கிருந்து கலன் 3 மீட்டர். இப்போது இருப்பது ஆர்ஜி-58 (நடுக்கம்பி, பாலிஎத்திலீன் காப்பு, அதைச் சுற்றிச் செம்புப் பின்னல் கொண்ட கோஆக்சியல் கேபிள்). 18 கிலோவோல்ட்டிலேயே செம்புப் பின்னலை வெட்டிய இடத்தில் ஊதா ஒளியும் சீறலும் வருகிறது. கார் இக்னிஷன் ஒயருக்கு மாறலாமா?

பதில் 1:
10 மில்லி ஆம்பியருக்குத் தலைமுடி போன்ற கம்பியே போதும். கம்பி தடிமனாக இருக்க வேண்டியது கரன்டுக்காக அல்ல, மின்புலத்துக்காக. ஆர்ஜி-58இல் நடுக்கம்பி 0.9 மி.மீ., பாலிஎத்திலீன் விட்டம் 2.95 மி.மீ. 30 கிலோவோல்ட்டில் கம்பியை ஒட்டிய இடத்தில் மி.மீ.க்கு 56 கிலோவோல்ட் விழும். அதே வகையில் தடிமனான ஆர்ஜி-213இல் (2.25, 7.24 மி.மீ.) அது 23தான். அதை எடுங்கள். ஆனால் இதன் ரேட்டிங்கும் சில ஆயிரம் வோல்ட் ஏசிதான். நாம் அதைத் தாண்டித்தான் போகிறோம், எனவே பின்னல் எர்த்தை விட்டு ஒருபோதும் விலகக்கூடாது. நுரை பாலிஎத்திலீன் வகை வேண்டவே வேண்டாம், அந்தக் குமிழிகளுக்குள்ளேயே டிஸ்சார்ஜ் நடக்கும். இக்னிஷன் ஒயர் கணநேரத் துடிப்புகளுக்கானது, ஷீல்டும் (எர்த் செய்யும் வெளிப் பின்னலும்) கிடையாது.

பதில் 2:
கேபிளை மாற்றினாலும், பின்னலை இதேபோல் வெட்டினால் அதே ஊதா ஒளி வரும். வெட்டிய இழைகளின் கூர்முனையும் பாலிஎத்திலீனும் காற்றும் சந்திக்கும் இடத்தில்தான் புலம் குவிகிறது.

வெளியுறையை முக்கால் ஆழம் மட்டும் வெட்டி, வளைத்துப் பிளந்து உருவுங்கள். கத்தி பாலிஎத்திலீனைத் தொடக்கூடாது. ஒரு கீறல் விழுந்தால் அந்த முனையை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பின்னலைப் பிரித்து உறைமேல் பின்னோக்கி மடித்துவிட்டால் விளிம்பு உருண்டையாகிவிடும். அதன்மேல் எர்த் கிளாம்ப். காற்றுப்பக்கம் 25 முதல் 30 செ.மீ. பாலிஎத்திலீன் வெறுமையாக நீளட்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தபின் கை படக்கூடாது. மடிப்பின்மேல் நியூட்ரல் க்யூர் (காயும்போது அமிலம் விடாத) சிலிகானால் 4 செ.மீ. கூம்பு, காற்றுக்குமிழி இல்லாமல். புளிப்பு வாடை வரும் சிலிகான் செம்பை அரிக்கும். ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) மட்டும் போட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும்.

ஆயில் பக்கம் 10 செ.மீ. போதும், ஆனால் பின்னலின் மடிப்பும் ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

கேட்டவர்:
ஆயிலுக்குள் மட்டும் சிலிகான் ஒயர் போட்டால்?

பதில் 3:
மினரல் ஆயிலில் சிலிகான் ரப்பர் ஊறி உப்பிவிடும், போடாதீர்கள்.

இன்னொன்று. ஆர்ஜி-213 மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். 3 மீட்டரில் 0.135 ஜூல் தேங்கும். கலனுக்குள் ஆர்க் (மின்பொறி) விழுந்தால் கேபிளின் 50 ஓம் இம்பீடன்ஸ் வழியே 600 ஆம்பியர் ஒரு கணம் பாயும். 100 கிலோஓம் ரெசிஸ்டரைக் கலன் பக்க முனையில் வைத்தால் அது 0.3 ஆம்பியராக இறங்கும். சப்ளை பக்கம் வைத்தால் கேபிளில் தேங்கியதைத் தடுக்காது. சாதாரண ஓட்டத்தில் அதில் 10 வாட் சூடு, ஆர்க்கின்போது முழு 30 கிலோவோல்ட்டும் அதன்மேல் விழும், எனவே நீளமான உயர் அழுத்த வகையே வேண்டும்.

அணைத்தபின் எர்த் கம்பியால் தொட்டுவிட்டு உடனே எடுக்காதீர்கள். பாலிஎத்திலீனுக்குள் பதுங்கிய சார்ஜ் மெல்லத் திரும்பி வரும். கை வேலை முடியும்வரை எர்த் மாட்டியே இருக்கட்டும்.